இருவரும் ஒருவரே

சின்னசேலத்தில் என் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் நாற்பது ஆண்டுகளாக ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே அஞ்சலட்டைகள். எல்லாம் வெளிநாடுகளிலிருந்து கல்வராயன் மலைக்கு வந்தவை. போன மாதம் அந்த டப்பாவை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கூடவே சொல்ல வேண்டிய ஒன்றையும் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். யார் பெயரும் இதில் வராது. என் பெயரும் வேண்டாம்.

நான் வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பித்தவன். என்னிடம் படித்த ஒரு பெண் டாக்டராகி, கல்வராயன் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கும் கூலித் தொழிலாளி. மலைப் பெண்களுக்கு ரத்தசோகை எவ்வளவு இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கப்போவதாகவும், கணக்குப் போட்டுக் கொடுக்க முடியுமா என்றும் எனக்குக் கடிதம் எழுதினார். நான் சனிக்கிழமைகளில் ஊருக்கு வருகிறவன். வந்த கையோடு கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். இரண்டு ஆண்டுகள் அப்படிப் போனேன். என் வாழ்க்கையில் திரும்பக் கிடைத்தால் வாங்கிக்கொள்வேன் என்று நினைப்பது அந்த இரண்டு ஆண்டுகளைத்தான்.

சாமைக் கதிர் முற்றும் காலத்தில் மலை முழுவதும் ஒரு பழுப்பு நிறம் வரும். ஜீப் போகாத ஊர்களுக்கு நடந்தே போவோம். டாக்டர் முன்னால் போவார். நான் நோட்டுப் புத்தகத்தை மழைக்காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். அவர் எண்ணைச் சொல்ல, நான் எழுதுவேன். ஓர் ஊரில் ஒரு பெண் விரலை நீட்டாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்:

"இம்மாத்தூண்டு ரத்தத்த எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவ டாக்டரம்மா?"

"கம்மியா ஜாஸ்தியான்னு பாக்கத்தான்."

"ஜாஸ்தி ரத்தம் வேணும்னா எங்க வூட்டுக்காரர்கிட்ட எடு. அதான் தெனம் கொதிச்சிக்கினு கெடக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அவர் விரலை நீட்டிவிட்டார். அந்த ஊரில் ஒருவர் விடாமல் ரத்தம் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு ஆண்டு வேலை மூன்று கட்டுரைகளாக வந்தது. மூன்றிலும் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. அப்போது அவர் தன் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார், நம் பெண்கள் எல்லோரையும் போல. முதல் கட்டுரை வந்த இதழை மூங்கில்துறைப்பட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டியிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தன் எழுத்து எது என்று மட்டும் கேட்டு, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாராம். பிறகு ஆலைக்கு எடுத்துப்போய் லாரிக்காரர்களிடமெல்லாம் காட்டிவிட்டு, ஓரமெல்லாம் கரும்புச் சாற்றுப் பிசுக்கோடு திருப்பிக் கொண்டுவந்தாராம்.

பிறகு அட்டைகள் வரத் தொடங்கின. இணையம் இல்லாத காலம் அது. ஒரு கட்டுரையைப் படிக்க விரும்புகிறவர், எழுதியவருக்கே அஞ்சலட்டை போட்டு ஒரு பிரதி கேட்பார். பஸ் நின்றதும் தபால் பையோடு அட்டைகளும் இறங்கும். பெயர் தெரியாத நாடுகளின் தபால்தலைகளைப் பார்க்கப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். டாக்டர் அட்டைகளைக் கம்பியில் குத்தி வைத்து, சனிக்கிழமை நான் போனதும், "இந்த வாரம் மூணு சார்" என்பார். ஓர் ஆராய்ச்சி எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு எங்களுக்கு இருந்த ஒரே அளவு அந்தக் கம்பிதான். பிற்காலத்தில் எத்தனையோ அளவுகளைக் கற்றேன், கற்பித்தேன். அந்தக் கம்பி கொடுத்த சந்தோஷத்தை எதுவும் கொடுக்கவில்லை.

திருமணமாகி மலையை விட்டுப் போகும்போது அட்டைகளை டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். "எண்ணி எண்ணி வெச்சிக்கிற ஆளு நீங்கதான். உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

அதன்பின் அவர் பெயருக்கு முன்னால் கணவரின் முதலெழுத்து வந்தது. சில ஆண்டுகளில் நான் வேலை பார்த்த கல்லூரிக்கே ஆசிரியராக வந்தார். மேலும் ஐந்து கட்டுரைகள் எழுதினார். அவற்றில் ஒன்றுக்கு மூன்று மாதம் உட்கார்ந்து எல்லா அட்டவணைகளையும் போட்டுக் கொடுத்தவன் நான். அச்சில் வந்தபோது என் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றி கூறும் இடத்தில் இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். கேட்காமல் உள்ளே வைத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்பு, கல்லூரியில் ஒரு துறைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் எங்கள் டாக்டர். தலைவரானால் துறையின் சார்பில் மலையில் நிரந்தரமாக ஒரு பரிசோதனைக் கூடம் வைப்பேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். இருவருடைய ஆராய்ச்சியையும் அளந்து ஒரு தாளில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது.

அப்போது ஓர் அளவு புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்தது. ஒருவருடைய கட்டுரைகளில் ஐந்து கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் குறைந்தது ஐந்து முறையாவது மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எண் ஐந்து. ஆறு கட்டுரைகளுக்குக் குறைந்தது ஆறு முறை என்றால் ஆறு. இதைக் கணக்கிட்டுக் கொடுக்கும் இணையதளத்தில் டாக்டரின் பெயரைத் தேடினேன். திரையில் இரண்டு பேர் வந்தார்கள். கணவரின் எழுத்தோடு ஒருவர், ஐந்து கட்டுரைகள், எண் ஐந்து. அப்பாவின் எழுத்தோடு இன்னொருவர், மூன்று கட்டுரைகள். அவற்றைத்தான் அதிகம் பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். கணினிக்கு இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். எட்டுக் கட்டுரைகளும் எட்டு முறைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்டவை, சேர்த்தால் எண் எட்டு. எதிராளியின் எண் ஆறு.

டாக்டர் விண்ணப்பத்தில் எட்டுக் கட்டுரைகளையும் எழுதியிருந்தார். ஆனால் பெயர் பொருந்தாத கட்டுரைகளை எண்ண வேண்டுமென்றால், விவரம் தெரிந்த ஒருவர் தாளின் ஓரத்தில் "இருவரும் ஒருவரே" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். விவரம் தெரிந்தவன் என்னைவிட யார் இருக்க முடியும்? அந்த மூன்று கட்டுரைகளிலும் இரண்டாவது பெயர் என்னுடையது.

பேனாவைத் திறந்தேன். அந்தப் பொடி எழுத்து நன்றி நினைவுக்கு வந்தது. பேனாவை மூடினேன். நடந்தது இவ்வளவுதான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. யாரிடமும் நான் எதுவும் வாங்கவில்லை.

கூட்டத்தில் விண்ணப்பங்களை யாரும் பிரிக்கவில்லை. என் தாளை மட்டும் பார்த்த கல்லூரி முதல்வர் என் பக்கம் திரும்பி, "இந்தம்மாவுக்கு வேற கட்டுரை எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இந்தப் பேர்ல இவ்வளவுதான் சார் வருது," என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. படித்தவன் பொய் சொல்லும் விதம் அதுதான். பதவி மற்றவருக்குப் போனது. மலையில் பரிசோதனைக் கூடம் வரவில்லை. டாக்டர் அதன்பின் ஒரு கட்டுரையும் எழுதவில்லை. ஓய்வு பெற்றதும் மலைக்கே திரும்பி, வெள்ளிமலையில் வாடகைக்கு வீடெடுத்து, முன்னறையில் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

போன வருடம் ஏதோ நினைப்பில் அந்த இணையதளத்தைத் திறந்தேன். டாக்டர் அதில் இன்னும் இரண்டு பேராகவே இருந்தார். இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்று ஒரு மூலையில் இருந்தது. அப்பாவின் எழுத்தோடு முகவரி எழுதி வந்த அட்டைகளையும், பெயர் மாறிய பின் எனக்கு அவர் எழுதிய கடிதங்களையும் படமெடுத்து அனுப்பினேன். பதில் வந்தது. சான்று போதுமாம். ஆனால் சம்பந்தப்பட்டவருக்கு ஓர் எண் அனுப்புவார்களாம், அதை அவரே தன் கையால் இட்டால்தான் சேர்ப்பார்களாம். அவருக்குத் தெரியாமல் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அது நடக்காது என்று தெரிந்தது. பல மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டருக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நோயாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க சார். மலையேறி வந்திருக்கீங்க. சுகரா, பிரஷரா?"

"ரெண்டும் இருக்குங்க. அதுக்கு வரல."

டப்பாவைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஓர் அட்டையை எடுத்து முகவரியைப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். "பாருங்க, எல்லாத்துலயும் அப்பா எழுத்து," என்றார். நான் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இத்தன வருசம் கழிச்சி இதுக்குன்னு அலைஞ்சிக்கினு இருக்கீங்களா?" என்று சிரித்தார். "அன்னிக்கே என் வூட்டுக்காரர் கோவப்பட்டாரு. உன் சாருக்குத் தெரியாதா, அவர் பேரும் இருக்குதேன்னு. நான்தான் சொன்னேன், அவருக்கு ரிட்டயர்மென்ட் நேரம், ஆயிரம் வேல, மறந்துட்டிருப்பாரு, மெஷின் காட்னத எழுதியிருப்பாருன்னு. இன்னிக்கு வரைக்கும் யார் கேட்டாலும் அதான் சொல்லுவேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் அதற்காக நான் பஸ் ஏறவில்லை.

"மறக்கலைங்க," என்றேன். "தெரிஞ்சேதான் விட்டேன்."

பேனாவைத் திறந்து மூடியதைச் சொன்னேன். நன்றிப் பக்கத்தையும் சொன்னேன். அவர் அட்டைகளை ஒரே சீராக அடுக்கிக்கொண்டே இருந்தார். வெளியே காத்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "செத்த இரும்மா," என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க பேர எடுத்தது நான்தான் சார். பத்திரிகையில மூணு பேருக்கு மேல வேணாம்னாங்க. யார எடுக்கறதுன்னு யோசிச்சேன். சார் கோவிச்சிக்க மாட்டாரு, நம்ம சாருதானேன்னு எடுத்தேன். அது என் தப்பு." கையிலிருந்த கடைசி அட்டையை அடுக்கின் மேல் வைத்தார். "நீங்க என் பேர எடுத்திருந்தா பரவால்ல சார். அந்த மூணும் எங்கப்பா பேரு."

 

அவர் கைபேசியை எடுத்தார். சிக்னல் கிடைக்க வாசலுக்குப் போய் நின்றார். எண் வந்தது, அவரே இட்டார். அடுத்து ஒரு கேள்வி வந்தது: இரண்டில் எந்தப் பெயரை மேலே காட்ட வேண்டும்? கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். அப்பாவின் எழுத்து இருந்த பெயரை அழுத்தினார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எட்டுக் கட்டுரைகள். எண் எட்டு. அன்றைக்கும் அதுவேதான்.

டப்பாவை மூடி, தன் மேசை இழுப்பறையில் வைத்தார். அந்தக் காலத்தில் நான் வரும் நாட்களில் பஸ் கிளம்பும் வரை கூட நின்று பேசியவர் அவர், மழையானாலும் நிற்பார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சார், கெளம்புங்க," என்றார். வெளியே இருந்த பெண்ணை உள்ளே அழைத்தார்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன்.