ஏணியைக் காணோம்

குரும்பலூரில் எங்களுடையது ஓட்டு வீடு. கணவர் பட்டாளத்தில் இருந்ததால், பேய்மழைக்கு மறுநாள் உடைந்த ஓடுகளைப் பார்க்க நானே கூரையேறினேன். பொம்பளை கூரையேறுகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று, தெருவில் ஆளில்லாத மதிய நேரமாகப் பார்த்து ஏறினேன்.

பின்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால், சுவரில் சாத்தியிருந்த ஏணியைக் காணோம். மேற்கே மறுபடி இடித்தது. கூப்பிட வெட்கம், குதிக்கப் பயம். ஈர ஓட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மின்னல் பக்கத்தில் வெட்டியதும் வெட்கம் போய்விட்டது. கத்தினேன்.

எதிர்வீட்டு அக்கா ஏணியோடு ஓடி வந்தார். “சும்மாதான நிக்குதுன்னு எங்க வூட்டு ஓடு மாத்த எடுத்துட்டுப் போயிட்டேன். ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறக் கூடாதா?”

இப்போதெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன். பேசுகிறவர்கள் பேசட்டும், ஏணியைப் பிடித்துக்கொண்டு பேசட்டும்.