ருசி பார்க்காத சம்பல்

சிவபாக்கியம் தன் கண்ணுக்கு வந்ததை முதலில் மூடுபனி என்றே நினைத்தாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? காலையில் கதவைத் திறந்தால் ஒரே வெள்ளை. தேயிலைச் செடிகள் அதற்குள் மிதக்கும், சேவல் எங்கிருந்தோ கூவும். அந்த வெள்ளை சித்திரை வெயிலுக்கும் கலையவில்லை. 'இந்தப் பனி போய்த் தொலைய மாட்டேங்குதே' என்று மலையைத் திட்டிக்கொண்டே இரண்டு வருஷம் திரிந்தாள் மனுஷி. கடைசியில் டவுன் ஆஸ்பத்திரியில்தான் கண்ணில் புரை என்றார்கள்.

ஒப்பரேஷன் செய்தால் பார்வை வரும், ஆனால் பிரஷர் இறங்கினால்தான் செய்வோம் என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவள் சொன்ன சொல் தட்டாதவள். அன்றைக்கே ஊறுகாய்ப் போத்தலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், கருவாட்டை விட்டாள், மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள், சோற்றைச் சப்பென்று தின்றாள். இரண்டாம் தடவை போனபோது பிரஷர் முன்னைவிடக் கூடியிருந்தது.

"அடுத்த மாசமும் இறங்கலன்னா திரும்ப வரிசையில கடைசியில இருந்துதான் வரணும்" என்றாள் நர்ஸ். கடைசி என்றால் இன்னொரு வருஷம். அதற்குள் கண் முழுக்க இருட்டிவிடாதா?

சிவபாக்கியம் அழுதுகொண்டே வேலைக்குப் போனாள். கண்டியில் ஹபீலாவின் சாப்பாட்டுக் கடையில் ஆறு வருஷமாக அவள்தான் தொட்டுக்கொள்ளச் சம்பல் அரைப்பவள். வெங்காயம் உரிக்கக் கண் எதற்கு, கை போதும். அது நோன்பு மாதம். பகலில் சோறு கிடையாது, பின்னேரம் கஞ்சியும் கட்லட்டும் சம்பலும் பார்சல் போகும். ஹபீலா கஞ்சியைக் கிண்டியபடி கேட்டாள்.

"வீட்டுல உப்பே சேக்கலன்னு செல்றீங்க. பொறகு எப்பிடி அக்கா ஏறுது?"

"அந்த முருகனுக்குத்தான் தெரியும் தங்கச்சி."

சொல்லிக்கொண்டே சிவபாக்கியம் சம்பலைக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்து நக்கினாள். உப்புக் காணாது, இன்னொரு சிட்டிகை போட்டாள், மறுபடி நக்கினாள். ஹபீலாவின் அகப்பை நின்றது. நோன்பு தொடங்கியதிலிருந்து அவள் எதையும் நாக்கில் வைப்பதில்லை. நுனி நாக்கில் பார்த்துத் துப்பலாம் என்று சிலர் சொன்னாலும் அவளுக்கு மனசு ஒப்பாது. கஞ்சிக்கும் கட்லட்டுக்கும் சம்பலுக்கும் பத்து நாளாகச் சிவபாக்கியத்தின் நாக்குத்தான் வேலை பார்க்கிறது.

"அக்கா, ஒரு நாளைக்கி இப்பிடி எத்தன தரம்?"

"யாரு எண்ணுனா? அது சாப்பாட்டுல சேருமா? சும்மா ருசி பாக்குறதுதானே."

"அப்ப நான்தானே ஒங்கட பிரஷர ஏத்தின" என்றாள் ஹபீலா. அகப்பையைக் கீழே வைத்தாள்.

அன்றோடு ருசி பார்ப்பது நின்றது. ஒருத்திக்கு நோன்பு, மற்றவளுக்குத் தடை. கடை படுத்துவிடும் என்று சிவபாக்கியம் பயந்தாள், ஹபீலா கேட்கவில்லை. சோயா சோஸ் போத்தல் மேல்தட்டுக்குப் போனது. சம்பலில் மாசிக் கருவாடு இல்லை, உப்பு பழைய அளவில் கால்வாசி. பதிலுக்குத் தேசிக்காய்ப் புளி, இஞ்சி, வறுத்த மல்லி, நெருப்பில் வாட்டிய கறிவேப்பிலை, மிளகு. சிவபாக்கியம் மூக்கால் சமைத்தாள். ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். புளிப்பு ஒரு பக்கமிருந்து வரும், உறைப்பு மெதுவாகப் பின்னால் வரும், மல்லி வாசம் தாழ்வாரம் முழுக்கத் தவழும். அந்த அரைமணி நேரம் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோகும். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு சுகத்தை உப்புப் போட்ட காலத்தில் அவள் கண்டதில்லை.

பள்ளிவாசலில் நோன்பு திறக்க வாங்கு சொல்வார்கள். ஹபீலா பேரீச்சம்பழம் கடித்து, கஞ்சி குடித்து, சம்பலைத் தொடுவாள்.

"இண்டைக்கி புளி கொஞ்சம் தூக்கல். நாளைக்கி கொறைங்க."

வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் முணுமுணுத்து உப்பு கேட்டு வாங்கிப் போனார்கள். மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள்.

மூன்றாம் தடவை பிரஷர் இறங்கியிருந்தது. அன்றைக்கே கண்ணைச் செய்தார்கள். கூட நின்றவள் ஹபீலா. மறுநாள் கண்கட்டை அவிழ்த்ததும் சுவரின் நீலம் பளிச்சென்று தெரிந்தது, பிறகு நர்ஸின் தொப்பி, பிறகு ஹபீலா.

சிவபாக்கியம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் இடது பக்கம் கீழே இழுத்திருந்தது. அந்தப் பக்கத்துக் கண் பாதிதான் மூடித் திறந்தது.

"தங்கச்சி, இது எப்ப?"

"போன வருஷம். பிரஷர் ஏறித்தான் இழுத்த."

"கூடவே இருந்தேனே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஹபீலா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் என்ட வாயப் பாத்துத்தான் பேசுவாங்க அக்கா. நீங்க மட்டுந்தான் பழைய ஹபீலாவோட பேசினீங்க."