திங்கட்கிழமை வருவான்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கைடு எழுதுவதுதான் அவள் பிழைப்பு. புத்தகத்தில் அவள் பெயர் இருக்காது; தெருவில் எல்லோருக்கும் அவள் கைடு அக்கா. எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கற்பனை செய்ய மாட்டாள், அது ஒரு பிடிவாதம். வீட்டில் நடப்பதைத்தான் எழுதுவாள். 'டர்ன் ஆஃப்' என்றால் அம்மா அடுப்பை அணைத்தது. 'புட் ஆன்' என்றால் அண்ணி கண்ணாடி மாட்டியது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் 'கம் பேக்' வந்தது. திரும்பி வருதல். அன்று காலைதான் அண்ணன் வேலை விஷயமாக வெளியூர் கிளம்பியிருந்தான். 'மை பிரதர் வில் கம் பேக் ஆன் மண்டே' என்று எழுதினாள். என் அண்ணன் திங்கட்கிழமை திரும்பி வருவான்.

வரவில்லை. அந்தத் திங்களும் இல்லை, அடுத்ததும் இல்லை. ஆளும் இல்லை, தகவலும் இல்லை.

வாக்கியம் மட்டும் ஊரெல்லாம் பரவியது. பரீட்சை நெருங்கினால் மாடியில் ஒரு குரல், எதிர்வீட்டில் ஒரு குரல் அதை உருப்போடும். ஒவ்வொரு பதிப்புக்கும் அதை அடிக்கப் பேனாவைத் திறப்பாள். அண்ணனைத் தானே கைகழுவுவது போலிருக்கும். மூடிவிடுவாள்.

அண்ணன் போனபோது அண்ணி வயிற்றில் இருந்த பெண் இந்த வருஷம் அதே கைடு படிக்கும் வகுப்புக்கு வந்தாள்.

"இந்தத் தடவை அதை எடுத்துடு," என்றாள் அண்ணி. "தெருப்பிள்ளைங்க சொன்னா காதைப் பொத்திக்கலாம். இவ வாயால கேட்டா நான் எங்க போவேன்?"

எடுத்துவிட்டாள். சலவைக்குப் போன போர்வை வியாழக்கிழமை திரும்பி வந்தது என்று எழுதினாள். அதுவும் நடந்ததுதான்.

"போர்வையாவது வந்துச்சே," என்றாள் அண்ணி.

பள்ளி திறந்த மாதம், அண்ணி மகள் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். "மை பிரதர் வில் கம் பேக்..."

"அது புக்குல இல்லையேடி!" என்றாள் கைடு அக்கா.

"மிஸ் போர்வையை அடிச்சுட்டு இதை எழுதிக்கச் சொன்னாங்க அத்தை. பரீட்சைக்கு எப்பவும் இதுதான் வருமாம். போர்வையை எவளோ தூக்கத்துல எழுதியிருக்கான்னாங்க."

சமையலறையிலிருந்து அண்ணி ஈரக்கையோடு வந்து நின்றாள். கைடு அக்காவால் தலை நிமிர முடியவில்லை.

மகள் மறுபடி சொன்னாள். கடைசிச் சொல்லை இழுத்து, லேசாகச் சிரிக்கிற மாதிரி முடித்தாள். அவள் பார்த்தே இராத அப்பா அப்படித்தான் பேசுவான்.

அண்ணி மகள் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க," என்றாள், "இன்னொரு தடவை சொல்லு."