மாமாவின் கல்லறையில் கரிசலாங்கண்ணி

களையெடுத்துவிட்டு வரும் அத்தையின் மடியில் கரிசலாங்கண்ணி இருக்கும். வயலுக்கு அது களை, வீட்டுக்குக் கீரை. களையெடுக்கும் பெண்கள் அதைக் கொண்டுபோவதை நிலத்துக்காரர்கள் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆய்ந்து முடிப்பதற்குள் அத்தையின் விரல்கள் கறுத்துவிடும். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர். மாமா அங்கே மாதா கோயில் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் அவர்தான் ஜெபம் சொல்வார். என்ன குரல் அது!

அந்த மாமாவுக்குக் கண் மஞ்சளித்தது. காமாலைக்குக் கரிசலாங்கண்ணி என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தினமும் காலையில் ஒரு பிடி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள் அத்தை. அந்த வருஷம்தான் வயல்களில் களைக்கொல்லி அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். மருந்தடித்த வரப்பென்று தெரியாமல் ஒருநாள் அங்கே பறித்துவிட்டாள். அன்றைக்கே மாமா வாந்தியெடுத்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

"மருந்தடிச்ச கீரையக் குடுத்து நானே கொன்னுட்டேனே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடச் சிலர் யோசித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மாமாவுடன் இருந்தவன் நான். குடியால் ஈரல் எப்போதோ கெட்டுவிட்டது, கீரை காரணமில்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். வேலையிருக்கிறதென்று திண்டிவனத்துக்குப் போனதெல்லாம் குடிக்கத்தான் என்று மாமாவே ஒப்புக்கொண்டார். "உங்க அத்தைக்கிட்ட சொல்லிடாதப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையாட்டினேன். சாகப்போகிறவருக்குக் கொடுத்த வாக்கு என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாக்காவது ஒன்றாவது! எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மாமாவின் கல்லறையைச் சுற்றிக் கரிசலாங்கண்ணி மண்டிக் கிடந்தது. அத்தை தனியாகக் குந்தி அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் நிமிரவில்லை. "அவரு குடிச்சது எனக்குத் தெரியாதாப்பா? வெளிய சொன்னா, ஜெபம் சொன்ன வாயின்னு ஊரே சிரிக்கும். பழி எம்மேலயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

இன்னும் ஒரு பிடி பிடுங்கிப் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆனா கீரையும் சேந்துதான் கொன்னுச்சோன்னு பயந்துக்கினே கெடந்தேன். இல்லன்னு நீ எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருந்தா, பன்னெண்டு வருசம் தூங்கியிருப்பேனேப்பா."