தையல் வேண்டாம் என்றேன்

நாங்கள் மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறோம். என் மகள் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறாள். கனமான ஜிமிக்கி போட்டுப் போட்டு அவளுடைய காதுத் துளை ஏற்கெனவே நீண்டிருந்தது. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் ஜிமிக்கியில் துப்பட்டா மாட்டி இழுத்ததில் வலது காதுத் துளை அடிவரை அறுந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட தச்சுக்கலாம்மா, அரை மணி நேர வேலைதானாம்" என்றாள்.

"உன் நிச்சயத்துக்கு ஒரு மாசம்தான் இருக்குது, இப்பப் போயி காதுல கத்தி வெக்கறதா?" என்று மறுத்தவள் நான்தான். தையல் இல்லாமல் மருந்து தடவியே அறுந்த காதை ஒட்டுவதாகப் போர்டு வைத்திருந்த பியூட்டி பார்லருக்கு அவளை இழுத்துப் போனேன்.

அங்கிருந்த பெண் ஏதோ திரவத்தைக் குச்சியால் தொட்டுத் தடவி, பிளாஸ்டர் போட்டாள்.

"எரியுதும்மா, தாங்க முடியல" என்று மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எரிஞ்சாத்தான் ஒட்டும், பொறுத்துக்கோ" என்றேன்.

நான்காம் நாள் பிளாஸ்டரைப் பிரித்தபோது காதின் கீழ்ச்சதை கறுத்து, சீழ் வடிந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் காட்டினோம். "ஆசிட் மாதிரி மருந்தும்மா இது. வெந்த சதையை எடுத்தாகணும். அறுந்தப்பவே வந்திருந்தா ஊசி போட்டுத் தச்சு அன்னைக்கே அனுப்பியிருப்பேன்" என்றார் மருத்துவர். எடுத்த பிறகு, தைப்பதற்குச் சதையே மிஞ்சவில்லை.

நிச்சயத்தன்று முடியால் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு போட்டோவிலும் சிரிக்கவில்லை.

இப்போது சின்னக் காயம் என்றாலும் நான் முதலில் மருத்துவரிடம்தான் போகிறேன். ஆனால் என் மகள் எதற்கும் "அம்மா, கூட வா" என்று என்னை அழைப்பதில்லை.