கோர்பக்கான் கடலில் விட்ட கடைசிக் கை எள்

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். அப்பாவுக்கு விட வேண்டிய எள்ளை ஒரு வெள்ளைக்காரனுக்கும் விட்டானாம் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்ற பயம். நடந்தது ஈசனுக்குத் தெரியும்.

1988 ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தது. முந்தின வருடம் அப்பா இறந்த தந்தி வந்தபோது நான் துபாயில் வேலையில் இருந்தேன். என் பாஸ்போர்ட் விசா கொடுத்த முதலாளியான கபீலிடம் இருந்தது, அவரோ வெளிநாடு போயிருந்தார். ஊரில் கொள்ளி என் அண்ணன் வைத்தார். எள்ளும் தண்ணீருமாவது என் கையால் விட வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தேன். ரூமில் கூட இருந்த சிவஞானம் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுகத்தில் கடல் வரைபடம் வரைபவர். துபாய்க் கடலில் சூரியன் விழத்தான் செய்யும், எழும் கடலுக்குப் போவோம் என்றார்.

காலை 5.30. தேராவில் ஷேர் டாக்சி, புஜைரா வரை ஆளுக்கு 25 திர்ஹாம். மீன் பிடிக்கவா போகிறீர்கள் என்று பட்டான் டிரைவர் கேட்டார். அப்பாவைப் பார்க்க என்றேன். அவர் வண்டியை எடுத்தார்.

மசாபி மலைப்பாதையில் சிவஞானம் அண்ணன் ஒரு கதை சொன்னார். அயர்லாந்தில் குடியேறிய இங்கிலீஷ் குடும்பத்துப் பையன் ஒருவன், நூற்றைம்பது வருடம் முன்பு, பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்படையில் சேர்ந்தானாம். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி இந்தக் கரையெல்லாம் ஆழம் பார்த்தே அதிகாரியானாராம். இருபது வருடத்தில் ஒரே ஒரு லீவு. போய்ச் சேர்ந்தபோது தாய் இல்லை. திரும்பி வந்து காய்ச்சலில் போனார்.

"கல்லறை எங்கண்ணே?"

"கல்லறையோ? கடல்லதான் போட்டவை. அவர் வரைஞ்ச மேப்பின்ர மூலையில பேர் மட்டும் கிடக்கு."

புஜைராவில் வேறு வண்டி மாறி, 9 மணிக்குக் கிழக்குக் கரையில் கோர்பக்கான். முழங்கால் தண்ணீரில் தெற்கு பார்த்து நின்றேன். ஊரிலிருந்து என் அண்ணன் கடிதத்தில் எழுதியனுப்பியதைப் படித்து, அப்பா பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். எள் திரும்பி வந்து என் காலிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த அலைதான் கொண்டுபோனது. அழுதுவிட்டேன்.

கடிதத்தின் கடைசி வரி, யாருமற்றவர்களுக்கும் ஒரு கை.

"அண்ணே, அந்தக் கப்பல்காரருக்கு விடட்டா? தப்பாகுமா?"

"கோத்திரம் என்னெண்டு சொல்லப் போறீர்?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்தினார். "விடும் தம்பி. அந்தாளின்ர தாய்க்கும் சேர்த்து விடும்."

விட்டேன். மிச்ச எள்ளை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். யாருக்கென்று நான் கேட்கவில்லை. அவர் ஊரில் அப்போது சண்டை.

ஊரில் இப்போது ஆற்றங்கரையில் ஐயர் சொல்லச் சொல்ல விடுகிறேன். மனம் அந்தக் கரைக்கே போகிறது.

இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். வெள்ளைக்காரரை எடுத்துவிட்டு அப்பாவை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டாம்.