டிப் மேற்கு வரிசையில், கிளாம்ப் கிழக்கு வரிசையில்

காரைக்குடியில் என் பேரன் நடத்தும் பில்லியர்ட்ஸ் கடையில் ஆறு மேசைகள், பந்தை அடிக்கும் கோல்கள் இருபத்திரண்டு. மாலையில் நான் போய் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. ஆடியவர்கள் போனபின் கோல்கள் எல்லாம் தாங்கிக்குத் திரும்பிவிட்டனவா என்று எண்ணுவது நானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. இதுவரை ஒன்றும் குறையவில்லை. அதனால் எண்ணுவதை விட்டுவிட முடியுமா?

போன வாரம் அவன் ஒரு கோலின் நுனிக்குப் புதுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தான். பந்தைத் தொடும் அந்தச் சிறு வட்டத் தோலை டிப் என்கிறார்கள். எங்கள் காலத்திலும் அதற்கு அதுதான் பெயர். ஆனால் இது ஒரே கட்டித் தோல் இல்லை. மெல்லிய தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்தி, பிறகு வட்டமாக வெட்டியது. எட்டு அடுக்கு என்றான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஏழுதான் தெரிந்தது.

"உறையில எட்டுன்னு போட்டிருக்கு தாத்தா."

"போட்டவன் எண்ணிப் பார்த்தானா?"

அவன் ஒரு சொட்டுப் பசையை விட்டு, டிப்பை வைத்து அழுத்திப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் அரம் போட்டு நுனியை உருட்டவும் தொடங்கிவிட்டான். கிளாம்ப் போட்டு ராத்திரி முழுக்க விட வேண்டாமா என்று கேட்டேன். கிளாம்ப் எதற்கு என்று திருப்பிக் கேட்டான்.

அடுக்குத் தோல் டிப்பை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. அதில் ஐந்து அடுக்கு. ஐந்தும் என் சித்தப்பாவின் செருப்பிலிருந்து வந்தவை.

எங்கள் வீடு நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில். விவசாயக் குடும்பம். பில்லியர்ட்ஸ் மேசைக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்திருக்க நியாயம் இல்லை. கண்டரமாணிக்கத்தில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்து விற்றபோது தாத்தா தேக்குக் கதவு வாங்கப் போனார். கதவுகளை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், இதுவும் தேக்குத்தானே என்று மேசையை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே ஆறு கோல்கள், ஒரு தகரப் பெட்டி நிறைய டிப்புகள், டிப்பை ஒட்டியபின் நுனியோடு இறுக்கிப் பிடிக்கும் பித்தளைக் கிளாம்ப் ஒன்று. தாத்தா கடைசிவரை ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் காரைக்குடி கிளப்பில் வேடிக்கை பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். சித்தப்பாவுக்கு அது அப்பாவைவிட நன்றாக வந்தது. அந்த வருஷம் பொங்கல் போட்டியில் எங்களுக்காக ஆடுங்கள் என்று கிளப்பிலிருந்தே ஆள் அனுப்பியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான், கண்மாய்த் தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் போவது என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு வந்து, பேச்சு நின்றும் போனது. சித்தியின் அண்ணன் கோயம்புத்தூரில் மில் வைத்திருந்தார். பொங்கல் போட்டி முடிந்ததும் குடும்பத்தோடு அங்கே போய்விடுவதாகச் சித்தப்பா சொல்லிவிட்டார். அவர் மகன் என் வகுப்பு. ஒரே பெஞ்சு. அவன் போய்விட்டால் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல் நான் தனியாக நடக்க வேண்டும். என் கவலை அவ்வளவுதான். அத்தையின் கவலை என்ன என்று நான் கேட்கவில்லை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். அண்ணன் தம்பி இருவரும் எதிர்த்துப் பேசாத ஒரே ஆள். பங்கு பிரிப்பது என்று ஆனதும் கோர்ட்டு வேண்டாம், நான் பிரிக்கிறேன் என்று அவரே முன்வந்தார். கூடத்தில் மேற்கே ஒரு வரிசை, கிழக்கே ஒரு வரிசை. வீட்டுச் சாமான் முழுவதும் இரண்டு வரிசையாகத் தரையில் பரப்பப்பட்டது. எடுத்து வைப்பதற்கும் எண்ணுவதற்கும் நான். கூடத்தில் கிடந்த மேசை மட்டும் பொது. அடியில் இருக்கும் கற்பலகைகள் ஐந்து, ஐந்தை இரண்டாகப் பிரிக்க முடியாது என்று நான் சொன்னதை அத்தை ஏற்றுக்கொண்டதில் எனக்குப் பெருமை. கோல் பக்கத்துக்கு மூன்று. தகரப் பெட்டியை மேற்கு வரிசையில் வைத்து அதன் மேலேயே கிளாம்பையும் வைத்தேன். அத்தை வந்து பார்த்தார். கிளாம்பை மட்டும் எடுத்துக் கிழக்கு வரிசையில் வைத்துவிட்டுப் போனார்.

"அத்தை, அது ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும்."

"இது என்னத்துக்குன்னு எனக்கென்னப்பு தெரியும். எண்ணிக்கை சரியா வருதான்னு பாரு."

எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது. பக்கத்துக்கு எண்பத்து நான்கு. சாமி விளக்குக்கு முன்னால் இரண்டு சீட்டுகளைச் செம்பில் போட்டுக் குலுக்கி, என்னை எடுக்கச் சொன்னார்கள். மேற்கு வரிசை அப்பாவுக்கு, கிழக்கு சித்தப்பாவுக்கு.

சாமான்களை அவரவர் பக்கம் கொண்டுபோன பிறகுதான் கூத்து தெரிந்தது. இட்லிக் கொப்பரை எங்களிடம், தட்டுகள் சித்தியிடம். கிணற்றுக் கயிறு எங்களிடம், வாளி அவர்களிடம். அம்மாவும் சித்தியும் நடுக்கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். சீட்டு எடுத்தபின் மாற்றினால் சாமி குத்தம் என்று அத்தை சொல்லிவிட்டார். அக்காவுக்கு இந்த வயதில் கணக்குப் புரியவில்லை என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மேசை பொது என்பதால் காலையில் அப்பா தனியாக ஆடுவார், சாயங்காலம் சித்தப்பா தனியாக ஆடுவார். முதலில் அப்பாவின் டிப் தேய்ந்து கழன்றது. பெட்டி நிறைய டிப் இருந்தது, இறுக்கிப் பிடிக்கத்தான் கிளாம்ப் இல்லை. வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சித் தடவி, டிப் அடியில் இருக்கும்படி கோலைத் தலைகீழாகச் சுவர் மூலையில் நிறுத்தி வைத்தார். ராத்திரியில் கோல் சரிந்து, டிப் ஒருபக்கமாக ஒதுங்கிக் காய்ந்துபோனது. மறுநாள் நூலைச் சுற்றிக் கட்டினார். அது நாலாவது அடியில் நூலோடு பறந்து முற்றத்தில் விழுந்தது.

அடுத்து சித்தப்பாவின் முறை. அவரிடம் கிளாம்ப் இருந்தது, டிப் இல்லை. பழைய செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துக்கொண்டு தோல் தேர்ந்தெடுத்தார். குதிகால் தோல் கெட்டி, பந்தில் வழுக்கும். வார்த் தோல் மெத்தென்று இருக்கும். நுனியில் தடவும் சாக்பீஸ் பொடியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அடிபட்டதும் காளான்போல விரிந்துவிடும். ஆகவே ஒன்று விட்டு ஒன்று வைப்பது என்று முடிவுசெய்தார். பிளேடால் தாள்போலச் சீவி, கெட்டி மூன்று, மெத்து இரண்டு, வஜ்ஜிரம் தடவி அடுக்கிக் கிளாம்பில் இறுக்கினார். காய்ந்ததும் வட்டமாக வெட்டிக் கோலில் ஒட்டி, மறுபடி இறுக்கி, அரம் போட்டு உருட்டி, ஓரத்தை ஈரத் துணியால் தேய்த்து வழவழப்பாக்கினார். இரண்டு நாள் அது அற்புதமாக ஆடியது. மூன்றாம் நாள் கிறீச்சென்று ஒரு சத்தம். மேல் அடுக்கு கழன்று பந்தோடு உருண்டது.

"மிச்சம் எத்தனைடா?"

"நாலு சித்தப்பா."

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் மிச்சம் இரண்டு. ஒவ்வொரு கிறீச்சுக்கும் கூடத்துக்கு இந்தப் பக்கம் அறைக்குள் இருந்த அப்பாவின் முகம் சுளிக்கும். அன்றைக்குப் பொறுக்க முடியாமல், அம்மாவிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்.

"வெளக்கெண்ணெ ஊறுன தோல்ல வஜ்ஜிரம் எப்பிடி ஒட்டும்? கோயம்புத்தூர்ல மில்லு ஓட்டப் போறவுகளுக்கு இதுகூடத் தெரியாதா?"

சித்தப்பா கோலைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "போன மழைக்கு அந்தச் செருப்புக்கு எண்ணெ போட்டவுக யாருன்னு உங்க அப்பாகிட்டக் கேளு."

நான் கேட்கப் போகவில்லை. எனக்கே தெரியும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் வீட்டில் இருக்கிற அத்தனை பேர் செருப்பையும் வரிசையாக வைத்து எண்ணெய் போடுவது அப்பாதான். அந்த வருஷம் பன்னிரண்டு ஜோடி போட்டார்.

கூடத்து மூலையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா தகரப் பெட்டியோடு வந்தார். அதை மேசையின் விளிம்பில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா பெட்டியைத் திறந்து, டிப்புகளை ஒவ்வொன்றாகத் தரைக் கல்லில் போட்டு, விழும் சத்தத்தைக் கேட்டார். தொத் என்றால் மெத்து. டிக் என்றால் கெட்டி. ஆறாவதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அது வேணாம். அதுக்கு முந்தினதை எடு" என்றார் அப்பா, சுவரிடமே.

"அது மெத்துண்ணே."

"உன் கை கெட்டி. அதுக்கு மெத்துத்தான் சரி."

பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா கோலின் நுனியைச் சுரண்டினார். அப்பா வஜ்ஜிரத்தைக் கிண்டினார். ஒருவர் டிப்பை நகராமல் பிடிக்க, மற்றவர் கிளாம்பைத் திருகினார். பிதுங்கிய வஜ்ஜிரத்தை அப்பா தன் வேட்டி முனையால் துடைத்தார். "உங்க கோலையும் எடுத்துட்டு வாங்கண்ணே, அதைப் பார்க்கவே சகிக்கலை" என்றார் சித்தப்பா.

போட்டியில் சித்தப்பா பதினோரு பாயிண்டில் தோற்றார். டிப் கடைசிவரை அசையவில்லை. அப்பா திரும்பும் வழியெல்லாம் ஏழாவது அடியை அவர் ஏன் அப்படி அடித்தார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். தண்ணீர்த் தகராறு தீர்ந்துவிடவில்லை. பிறகும் பல வருஷம் சண்டை போட்டார்கள், ஆனால் நேருக்கு நேராகப் போட்டார்கள். கோயம்புத்தூர்ப் பயணம் மாசிக்குத் தள்ளிப்போனது. மாசியிலிருந்து பங்குனிக்குப் போனது. அப்புறம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் அந்தப் பங்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலை அத்தையிடம் போனேன். கொப்பரையும் தட்டும் ஒரே பக்கம், கயிறும் வாளியும் ஒரே பக்கம், பெட்டியும் கிளாம்பும் ஒரே பக்கம் என்று எல்லா ஜோடியையும் மாற்றினாலும் பக்கத்துக்கு எண்பத்து நான்கு அப்படியே வரும், இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன், நானே மாற்றி வைத்துவிடவா என்று கேட்டேன்.

காலை நீட்டி உட்கார்ந்திருந்த அத்தை என் தலையைத் தடவினார்.

"நீ எண்ணுனாச் சரியாத்தான் இருக்கும் அப்பு. போய்ச் சாப்புடு."

அப்போது நடுக்கதவைத் திறந்துகொண்டு, இட்லித் தட்டுகளை இடுப்பில் இடுக்கியபடி, அம்மாவிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே சித்தி உள்ளே வந்தார். அவருக்கு வழிவிட அத்தை காலை மடக்கிக்கொண்டார். பாவம், எவ்வளவு சொல்லியும் அத்தைக்குக் கணக்கு ஏறவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே நான் சாப்பிடப் போனேன்.